சிவப்பு நிலத்தில் அடுப்பு

பாலேஸ்வரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மகள் பிரசாந்தி வாடகை வீட்டுப் பின்பத்தியின் படியில் குந்தியிருந்து, கைபேசியைப் பார்த்து உரத்து வாசித்தாள். கனடாவில் இருக்கும் தயாபரன் மாமா முகநூலில் எழுதியிருந்தது அது. பாலேஸ்வரிக்கு அவர் ஒரே அண்ணை.

"'எங்கள் மயிலிட்டி வீட்டின் சிவப்பு நிலம். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டில் அப்பு போட்டது. பங்குனி வெயிலில் வெறும் மேலோடு அதில் படுத்தால் முதுகுக்கு அடியில் கிணற்றுத் தண்ணீர் ஓடுவது போலக் குளிரும்.'"

"ஓம். படுத்தவைக்குக் குளிரும். மேலை வாசி."

"'மார்கழி விடியப்புறங்களில் அதே நிலத்தில் ஒரு இதமான சூடு வரும். எங்கிருந்து வந்ததென்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. இன்று ரொறன்ரோவில் என் வீட்டு நிலத்துக்கு அடியில் குழாய் வைத்துச் சூடாக்குகிறோம். ஆனால் அந்தச் சூடு இந்தச் சூடு ஆகுமா?'"

திருவலைக்கு மேலே பாலேஸ்வரியின் கை நின்றது.

"'நடு மண்டபத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஒரு ரூபாய்க் காசளவு. அது எப்படி வந்ததென்று எவருக்கும் தெரியாது. வீட்டுக்குக் கண்ணூறு நாவூறு படாமல் நிலம் தானே வைத்துக்கொண்ட பொட்டு என்று நினைத்துக்கொள்வேன்.'" பிரசாந்தி நிமிர்ந்து பார்த்தாள். "நானூறு பேருக்கு மேலை விருப்பம் போட்டிருக்கினம் அம்மா. ஒராள் அழுகிற படமும் போட்டிருக்கு."

"எப்பிடி வந்ததெண்டு தெரியாதாமோ உவருக்கு?"

"நாவூறுப் பொட்டாம்."

"பல்லைக் காட்டாதை. எழும்பிப் போய் அரிசியைக் கழுவு."

அன்று சம்பலில் உப்புக் கூடிப்போயிற்று. பிரசாந்தி தண்ணீரைக் குடித்துக் குடித்து உண்டாள். தாயின் முகம் அப்படி இருந்தால் உப்பைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பதைப் படித்துத்தான் அவள் வளர்ந்திருந்தாள்.

அந்த நிலத்தின் கதை இதுதான். பாலேஸ்வரி அப்பு என்று கூப்பிட்ட தகப்பன் நமசிவாயம் புகையிலையும் மிளகாயும் செய்த கமக்காரன். ஒரு வருஷம் மிளகாய் நல்லாய் வாய்த்தது. மற்றவர்கள் அந்தக் காசில் நகை செய்தார்கள். அவர் நிலம் போட்டார். பட்டினத்திலிருந்து மேசனைக் கூட்டிவந்து, சீமெந்துக்குள் சிவப்புத் தூள் கலந்து, விறாந்தைக்கும் மண்டபத்துக்கும் இழைக்கச் செய்தார். ஊரில் முதல் சிவப்பு நிலம். கலியாணம் பேச வந்தவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் நிலத்தைப் பார்த்தார்கள் என்று பகிடியாகச் சொல்வார்கள். பகிடி ஒன்றும் இல்லை. அப்படித்தான் பார்த்தார்கள்.

மண்டபத்தோடு சீமெந்து முடிந்துவிட்டது. குசினி தனியாகப் பின்னால் கிடந்தது. மண் சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகிய தரை. பாலேஸ்வரியும் தாயும் படுத்தது, எழும்பியது, உண்டது எல்லாம் அங்கேதான். கொக்கரை, பனம்பாளை, ஊமல் என்று பனையில் எரியக்கூடியதெல்லாம் அந்த அடுப்பில் எரிந்தது. மழைக்காலத்தில் ஊமல் புகைந்து கண்ணைப் பிடுங்கும். வெயில் காலத்தில் ஓலைக்குக் கீழே நெருப்பும் மேலே சூரியனுமாக, நடுவில் தாயும் மகளும் வேகுவார்கள்.

சிவப்பு நிலத்துக்கு அவள் போனது வெள்ளிக்கிழமைகளில். எட்டு வயதில் தொடங்கியது. மெழுகுதிரியைச் சீவி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அதைத் துணியில் தொட்டு நிலம் முழுவதும் பூசவேண்டும். பிறகு பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலின் கீழ் வைத்து, சுவரிலிருந்து சுவருக்குத் தேய்க்கவேண்டும். ஒரு கால் நோகும்போது மற்றக் காலை மாற்றலாம். அது ஒன்றுதான் ஓய்வு. அண்ணை சாய்மனைக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாடப் புத்தகத்தைப் பிடித்திருப்பான்.

"பாலேஸ், உந்த வலப்பக்கம் இன்னும் மினுங்கேல்லை."

"வந்து நீ மினுக்கன்."

"நான் சோதினைக்குப் படிக்கிறன்."

மினுக்கி முடிந்ததும் அப்பு வருவார். குனிந்து தன் முகத்தை நிலத்தில் பார்ப்பார். முகம் தெரிந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் பாராட்டு. ஒருமுறை மினுக்கிய களையில் அவள் அங்கேயே சரிந்து கண்ணயர்ந்துவிட்டாள். அப்பு தோளைப் பிடித்து உலுக்கினார். "வேர்வை பட்டால் கறை பிடிக்கும். எழும்பிப் போ." கன்னத்துக்குக் கீழே அந்தக் குளிர்ச்சி எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. எழுப்பியதுதான் நினைவிருக்கிறது.

அந்தப் பொட்டு வந்தது அவளுக்குப் பதினொரு வயதில். மார்கழி மாதம். அண்ணைக்கு இழுப்பு. பனி விழுந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வரும். வீட்டுக்குள் நெருப்பு வரக்கூடாது என்பது அப்புவின் கட்டளை. தாய்க்கோ மகன் மூச்சு வாங்குவது பொறுக்கவில்லை. "அப்புவுக்குத் தெரியாமல் கொண்டுபோய் அவன்ரை பாய்க்குப் பக்கத்திலை வை பிள்ளை, அவர் எழும்ப முன்னம் எடுத்திடு" என்று சட்டியில் தணல் போட்டு அவளிடம் கொடுத்தாள். மார்கழி முழுக்க ஒவ்வொரு விடியப்புறமும் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, குளிர்ந்த முற்றத்தைத் தாண்டி அவள் போய்வந்தாள். ஒரு நாள் சட்டியின் விளிம்பு கையைச் சுட்டது. கை உதறியதில் ஒரு தணல் விழுந்தது. காலால் தட்டிவிட்டாள். அதற்குள் நிலம் கறுத்துவிட்டது. அப்பு பூவரசந் தடியை முறித்துக்கொண்டு வந்தார். தாய், தான்தான் கொடுத்தனுப்பியதாகச் சொல்லவில்லை. அண்ணை பாயில் சுருண்டு கிடந்தான், கண் திறந்திருந்தது. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நாவூறுப் பொட்டாம்.

எண்பத்து நான்கில் அண்ணை வெளிநாடு போனார். தொண்ணூறில் சண்டை வர ஊரே எழும்பி ஓடியது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்க, அதை அணைக்காமல் போட்டது போட்டபடி வந்தவள் பாலேஸ்வரி. அதன்பிறகு அவள் படுத்த நிலங்களை அவளால் ஒழுங்காகச் சொல்ல முடியும். பள்ளிக்கூட வகுப்பறைச் சீமெந்து, எழும்பினால் முதுகெல்லாம் வெண்கட்டித் தூள். தூரத்து உறவு வீட்டு மாட்டுக்கொட்டில். பிறகு முகாம், வெறும் மணல். அந்த மணலில்தான் அவளுக்குக் கலியாணம் நடந்தது. சீதனமாகக் கொடுக்க அப்புவின் கையில் ஒன்றும் இல்லை. சபையில் எழும்பி நின்று, "மயிலிட்டி வீடு பாலேசுக்கு" என்றார். போகமுடியாத ஊரில், பார்க்கமுடியாத வீடு. ஆனாலும் அவர் வாயால் சொன்னார். கொழும்பு வழியாகக் கனடாவுக்குப் பிடித்த தொலைபேசியில் அண்ணையும் "ஓம், அது அவளுக்குத்தான்" என்றார். எழுதிக் கொடுக்க முன்னம் அப்பு போய்ச் சேர்ந்தார். புருஷன் செல்வரத்தினமும் முகாமிலேயே காய்ச்சலில் போனான். மகளோடு வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் நல்லூரில் ஒரு வீட்டின் பின்பத்தியில் வந்து நின்றாள். பிரசாந்தி பக்கத்து ரியூசன் நிலையத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள்.

போன வருஷம் ஆமி தான் பிடித்து வைத்திருந்த காணியை விட்டது.

முள்ளுக்கம்பி கழற்றிய அன்றே பாலேஸ்வரி போனாள். வீடு இல்லை. ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, சுவர்க் கல்லைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அறுகம்புல்லையும் நாயுருவியையும் இழுத்துப் பிடுங்கியபோது கீழே சிவப்பாக அது கிடந்தது. முழுசாக. ஒரு கீறல் இல்லாமல். பின்னால் ஓடிப்போய்க் குசினியைத் தேடினாள். மண் சுவரும் சாணித் தரையும் முப்பத்தைந்து மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகப் போயிருந்தன. எங்கே அடுப்பு, எங்கே தாய் படுத்த மூலை, ஒன்றும் தெரியவில்லை.

"பார்த்தியே" என்றாள் மகளிடம். "நான் இருந்த இடத்தைக் காணேல்லை. நான் மினுக்கின இடம் மட்டும் கிடக்குது."

காணி பார்க்க வந்த மற்றவர்கள் அங்கே அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சப் புல்லையும் பிடுங்கினாள்.

அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவளுக்கு ஒரு வீடு விழுந்தது. இரண்டு அறை, ஒரு குசினி. ஆனால் காணி அவள் பெயரில் இருக்கவேண்டும். அதற்கு அண்ணை தன் பங்கை விட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். ஆவணி முடியுமுன் வைக்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். தொலைபேசியில் கேட்டாள். "வந்து கதைப்பம் பாலேஸ்" என்றார். மறுபடி கேட்டாள். "அதுதான் வாறன் எண்டு சொன்னனே" என்றார்.

ஆவணி பிறந்த கையோடு வந்தார். முகநூலில் அந்தக் கட்டுரையைப் போட்டுவிட்டு வந்தார்.

அரைக் காற்சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக, வாடகைக்குப் பிடித்த வானை விட்டு இறங்கியவர், சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சிவப்பு நிலத்தில் கால் வைத்தார். உடனே கண் கலங்கிவிட்டது. குனிந்து முத்தமிட்டார். பிறகு அப்படியே மல்லாக்கப் படுத்தார். கூட வந்த மேசன் அன்புராஜாவிடம் கைபேசியைக் கொடுத்து, "தம்பி, ஒரு படம் எடும்" என்றார்.

"அண்ணை, வெயில் ஏறுது, முதுகு சுடும்" என்றான் அன்புராஜா.

"இது சுடாது தம்பி. இதின்ரை குணம் அது."

ஆனால் அந்தக் காலத்தில் மேலே ஓட்டுக் கூரை இருந்தது. கொஞ்ச நேரத்தில் முதுகைத் தடவிக்கொண்டு அவரே எழும்பினார்.

பாலேஸ்வரி தேசிமரத்து நிழலில் நின்றாள். "கையெழுத்து விஷயம் கதைக்க வேணும் அண்ணை."

"அதுக்குத்தானே வந்திருக்கிறன். உனக்கு ஒரு சந்தோசமான விஷயம் சொல்லப்போறன்." கையை விரித்தார். "அப்புவின்ரை வீட்டை அச்சொட்டாத் திருப்பிக் கட்டப்போறன். அதே விறாந்தை, அதே மண்டபம், இதே நிலம். வருஷத்துக்கு ஒருக்கா நானும் பிள்ளையளும் வந்து நிப்பம். இந்தத் தலைமுறை எங்கடை வேரை அறிய வேணும்."

"அப்ப எனக்கு விழுந்த வீடு?"

"அது கோழிக்கூடு மாதிரிக் கட்டுவாங்கள். உனக்கு என்னத்துக்கு அது? பின்னுக்கு உனக்கும் ஒரு அறை போடுறன். பிரசாந்தியும் கலியாணம் முடிக்குமட்டும் உன்னோடை இருக்கட்டும். நாங்கள் இல்லாத நேரம் வீட்டைப் பார்த்துக்கொள். பெரிசா ஒண்டும் இல்லை, நிலத்தைப் பழையபடி மினுக்கி வைச்சிருந்தாக் காணும்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டிச் சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

"கோழிக்கூடெண்டாலும் அது என்ரை பேரிலை இருக்கும்" என்றாள்.

"எல்லாம் ஒண்டுதானே பாலேஸ். எங்கடை வீடு." அவர் அன்புராஜாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "தம்பி, இந்த மூலையிலைதான் குசினி. அம்மா இதிலை இருந்துதான் சமைச்சவ. எனக்கு இப்பவும் மணக்குது."

"அது மாட்டுக்கொட்டில்" என்றாள் பாலேஸ்வரி.

அன்புராஜாவுக்கு இருமல் வந்துவிட்டது. வேலிப் பக்கம் போய் இருமினான்.

"நாளையிண்டைக்கு அத்திவாரத்துக்கு நாட்கல் வைக்கிறம்" என்றார் அண்ணை, முகம் கொஞ்சம் சுருங்க. "கனடாவிலையே நாள் பார்த்திட்டன். ஐயருக்கும் சொல்லியாச்சு. காலமை எட்டரை. நீயும் குளிச்சிட்டு வா."

தாயும் மகளும் பேருந்தில் திரும்பினார்கள். நல்லூரில் இறங்கியதும் பாலேஸ்வரி ஒரே ஒரு சொல் கேட்டாள். "நாளையிண்டைக்கு உனக்கு வகுப்பு எத்தினை மணிக்கு?"

"பின்னேரம்தான். ஏன்?"

"பால் வாங்க வேணும்."

நாட்கல் அன்று தாயும் மகளும் முதல் பேருந்தில் போனார்கள். பையில் புதுப் பானை, பால், தேங்காய், வெற்றிலை, ஊதுகுழல். பனங்காணியில் கொக்கரையும் ஊமலும் பொறுக்கினார்கள். கிணற்றடியில் கிடந்த கல்லில் மூன்றைத் தெரிந்து எடுத்தாள் பாலேஸ்வரி. பிறகு விளக்குமாற்றால் சிவப்பு நிலத்தைக் கூட்டினாள். மினுக்கவில்லை, கூட்டினாள். நடு மண்டபத்தில் குனிந்து தேடினாள். இருந்தது. ஒரு ரூபாய்க் காசளவு, கறுப்பாக.

"அம்மா, இதிலையோ?" என்றாள் பிரசாந்தி. "மாமா விசர்பிடிச்சு நிப்பார்."

"கல்லை வை."

பொட்டைச் சுற்றி மூன்று கல் வைத்தாள். கொக்கரையை முறித்து அடுக்கினாள். அடுப்பு பற்றியதும் இன்னும் இரண்டு கொக்கரையை முறித்துச் செருகினாள். அறுபத்திரண்டு வயதுக் கோபத்துக்கு உடம்பில் இருக்க இடம் போதவில்லை.

பால் சூடேறிக்கொண்டிருக்கையில் வான் வந்தது. அண்ணை வேட்டி சால்வையோடு இறங்கினார். பின்னால் ஐயர், அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு அன்புராஜா. புகையைக் கண்டதும் அண்ணை ஓடிவந்தார்.

"என்னடி இது! நிலத்திலையோ நெருப்பு மூட்டுறாய்? அங்காலை வளவு கிடக்குதெல்லே!"

"வளவிலை எரிச்சது காணும்."

அந்த நேரம் பார்த்து நிலம் 'டப்' என்று வெடித்தது. ஒரு சிவப்புச் சில்லு கிளம்பி அவர் காலடியில் விழுந்தது.

"ஐயோ, நிலம் வெடிக்குது!"

"வெடிக்கட்டும்."

"அப்புவின்ரை நிலமடி!"

"அப்புவின்ரை நிலமோ? மினுக்கினது ஆர்? கண்டறியாத நிலம்!" பாலேஸ்வரி எழும்பினாள். அண்ணையை 'நீ' என்று அழைப்பதை விட்டுக் கனகாலம். அன்று எட்டு வயது நாக்குத் திரும்பி வந்தது. "மார்கழியிலை சூடு எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாதெண்டு எழுதினனியோ? உலகத்துக்கே எழுதினனியோ? நான் கொண்டு வந்தனான். சட்டியிலை. உன்ரை இழுப்புக்கு. கையைச் சுட்டுக்கொண்டு கொண்டு வந்தனான். இந்தப் பொட்டு நாவூறுப் பொட்டோ? இது உனக்குக் கொண்டுவந்த தணல் விழுந்த பொட்டு. அப்பு பூவரசந் தடியாலை எனக்கு அடிக்கேக்கை நீ பாயிலை முழிச்சுக்கொண்டு கிடந்தனி. நான் கண்டனான் உன்ரை கண்ணை."

அண்ணை காலடியில் கிடந்த சிவப்புச் சில்லைக் குனிந்து பார்த்தார்.

"அதுக்குப் பிறகு எத்தினை நிலத்திலை நான் படுத்தெழும்பினன் எண்டு தெரியுமோ? மணலிலை பிள்ளை பெத்தனான். அங்கை உனக்கு நிலத்துக்குக் கீழாலை குழாய் வைச்சுச் சூடு. இஞ்சை வந்து, நிலத்தை மினுக்கி வை பாலேஸ் எண்டுறாய். சபையிலை எனக்கெண்டு சொன்ன வீட்டுக்கு என்னையே வேலைக்காரியா வைக்கப் பார்க்கிறாய்!"

"நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை..."

"ஓம். நீ ஒண்டும் நினைக்கிறேல்லை. அதுதான் எனக்கு எரியிறது."

அடுப்புப் புகைந்து பால் தணிந்தது. பாலேஸ்வரி ஊதுகுழலை அவரிடம் நீட்டினாள். "ஊது."

அவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் தேசிமரத்தைப் பார்த்தார். அண்ணை சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு குந்தினார், ஊதினார். ஊதத் தெரியவில்லை. சாம்பல் முகத்தில் அடித்தது. இருமினார், கண்ணைக் கசக்கினார், திரும்ப ஊதினார். பழைய இழுப்புச் சத்தம் நெஞ்சுக்குள் லேசாகக் கேட்டது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்து, சூடான சிவப்பில் சீறியது. பிரசாந்தி கை கூப்பினாள்.

"எட்டரை ஆகுது" என்றான் அன்புராஜா, ஆருக்கும் சொல்லாத மாதிரி. "எதிலை வெட்டுறது, ஐயா?"

ஐயர் தொண்டையைச் செருமினார். "அத்திவாரத்துக்கு முதல் நாட்கல். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பால் காய்ச்சிக் குடிபூருறது. இஞ்சை பால் பொங்கிட்டுது. குடிபூர்ந்த வீட்டிலை நான் திரும்ப என்னண்டு நாட்கல் வைக்கிறது? எனக்கு ஒரு வழிமுறையும் தெரியேல்லை."

கனடாவிலிருந்தே பஞ்சாங்கம் பார்த்து வந்த மனிதருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. சாம்பல் படிந்த முகத்தோடு வானுக்குள் ஏறி இருந்தார். அன்புராஜா மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு, "அக்கா, பால் கொஞ்சம் கிடைக்குமோ?" என்று கேட்டான்.

அந்தக் கிழமை முடியுமுன் தயாபரன் கையெழுத்து வைத்தார். வைத்ததும் பேனையை மேசையில் போட்டுவிட்டு வெளியே நடந்தார். பாலேஸ்வரி கடதாசியை மடித்துப் பையில் வைத்தாள். விமானம் ஏறுமுன் மருமகள் பிரசாந்தியின் கையில் சொக்கிலேற் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு கட்டியாயிற்று. கோழிக்கூடு என்று அவர் சொன்னது அவ்வளவு பிழையில்லை. இரண்டு அறையும் சின்னன்தான். அன்புராஜாதான் கட்டினான். குசினியை எந்தப் பக்கம் வைப்பதென்று கேட்டபோது, "வாசலிலை வை" என்றாள். ஊரில் ஒருத்தரும் அப்படி வைப்பதில்லை. இப்போது அவள் அடுப்பில் இருந்தபடியே ஒழுங்கையில் போகிறவர்களோடு கதைக்கிறாள், தேவையென்றால் ஏசுகிறாள். நிலத்துக்குச் சாம்பல் நிறச் சீமெந்து. வேண்டுமென்றே சொரசொரப்பாக விடச் சொன்னாள்.

பழைய சிவப்பு நிலம் முற்றத்தில் வெறுமனே கிடக்கிறது. வெடித்த இடத்தை ஒருவரும் பூசவில்லை. அதில் அவள் செத்தல் மிளகாய் காயப்போடுகிறாள். வெயிலுக்கு இரண்டே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும்.

மார்கழியில் ஒருநாள் அண்ணை எடுத்தார். அங்கே பனி கொட்டுகிறதாம். சுகம் விசாரித்தார். பிரசாந்திக்கு ஏதும் பேச்சு வந்திருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "நிலம் எப்பிடி இருக்கு பாலேஸ்?" என்றார்.

மழை விட்டு எறித்த வெயிலில் மிளகாயைக் காலால் கிளறிக்கொண்டு நின்ற பாலேஸ்வரி கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சுடுது அண்ணை" என்றாள். "செருப்பில்லாமல் கால் வைக்கேலாது."